பழைய அலுமினியப் படகையும் ட்ரெய்லரையும் வீட்டிலேயே மீட்பது: எந்த இடத்தில் எந்த வழி?

பழைய அலுமினிய மீன்பிடிப் படகு ஒன்று கைக்கு வந்ததும் மனம் முதலில் பெயின்ட் நிறத்துக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. உள்ளே இருந்த தரைப்பலகையைக் கழற்றிய அன்றே கேள்விகள் மாறிவிட்டன. தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் ஒழுகினால் அதைப் பசை போட்டு அடைப்பதா, புதிதாக அடிப்பதா, வெல்டிங் வைப்பதா? மோட்டார் தொங்கும் பின்பலகைக்கு மறுபடியும் மரமா, வேறு பொருளா? ட்ரெய்லருக்குப் பெயின்ட் போதுமா, சட்டத்தையே மாற்ற வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழிக்கும் அடித்துப் பேசும் ஆட்களும் இருக்கிறார்கள்.

நானும் தம்பியும் ஒரு 14 அடிப் படகை இப்படி மீட்டபோது எல்லா வழிகளையும் ஒரே கேள்வியால்தான் அளந்தோம்: இன்று செய்யும் வேலையை ஐந்து வருடம் கழித்துப் பிரித்துப் பார்க்க முடியுமா? பழைய படகு ஒரே பழுதில் தீர்ந்துவிடும் பொருள் அல்ல. எங்கேயாவது மறுபடி ஒழுகும், எதையாவது மறுபடி கழற்ற வேண்டி வரும். அப்போது நாம் போட்ட வேலையே குறுக்கே நிற்கக் கூடாது. இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பல இடங்களில் விடை தானாகவே வந்துவிடுகிறது.

அதற்கும் முன்னால், மீட்கத் தகுந்த படகுதானா என்று பாருங்கள். படகைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகுத்தண்டான கீல் கோட்டின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். முதுகெலும்பு முறிந்ததுபோல் நடுவில் வளைந்திருந்தாலோ, குறுக்கு விலாக்கள் பல விரிந்திருந்தாலோ, அடித்தகட்டில் கை அகலத்துக்கு அரிப்புக் குழிகள் நெருக்கமாக இருந்தாலோ விட்டுவிடுவது நல்லது. நசுங்கல், கீறல், ஒழுகும் ரிவெட், உளுத்த மரம் இவை எதுவும் படகைக் கைவிடக் காரணம் அல்ல.

முதலில் ட்ரெய்லர்

படகா, ட்ரெய்லரா, எதில் தொடங்குவது? பலரும் படகில் தொடங்குகிறார்கள். ட்ரெய்லரில் தொடங்குங்கள் என்பதே என் முடிவு. படகு ஒழுகினால் நனைவது நாம். ட்ரெய்லரின் பேரிங் சாலையில் இறுகி நின்றால் ஆபத்து பின்னால் வருகிறவருக்கு. இன்னொரு காரணமும் உண்டு. படகைப் பல மாதம் தாங்கி நிற்கப் போகும் மேடை அதுதான். மேடை ஆடினால் மேலே நடக்கும் வேலையும் ஆடும்.

சட்டத்தைச் சோதிக்கச் சின்னச் சுத்தியல் போதும். நீளவாக்கில் கைப்பிடி அளவு இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உள்ளே தின்றுபோன இடத்தில் சத்தம் செத்துவிடும், சில சமயம் சுத்தியலே உள்ளே போய்விடும். எங்கள் ட்ரெய்லரில் வெளியே மிகவும் துருப்பிடித்துத் தெரிந்த பகுதி உறுதியாக இருந்தது. பெயின்ட் நன்றாக இருந்த பின்பக்கக் குறுக்குக் குழாய்தான் தகரம்போல் மெலிந்திருந்தது. நான்கு பக்கமும் மூடிய சதுரக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். தண்ணீரில் இறங்கி ஏறும்போது உள்ளே புகும் நீர் வெளியே வர வழி இருக்காது. திறந்த ‘சி’ வடிவச் சட்டத்தில் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், கம்பிப் பிரஷ்ஷும் போகும். அதனால் ஒரு துண்டை மாற்ற வேண்டியிருந்தால் அங்கே திறந்த சட்டத்தையே வைக்கச் சொல்வேன்.

மேலோட்டமான துருதான் என்றால் சுரண்டி, துருமாற்றி பூசி, எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயின்ட் என்பது வீட்டிலேயே முடியும் வேலை. நன்னீரில் மட்டும் ஓடும் படகுக்கு இது போதும். கடலுக்குப் போகிற ட்ரெய்லருக்கு ஹாட் டிப் கால்வனைசிங்தான் சரி. சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முழுச் சட்டத்தையும் முக்கி எடுப்பதால் குழாயின் உட்புறத்திலும் பூச்சு ஏறும். ஆனால் அதற்கு ஆக்ஸில், ஸ்பிரிங், வயர் எல்லாவற்றையும் கழற்றி வெறும் சட்டமாகக் கொடுக்க வேண்டும். வெல்டிங் வேலைகளையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கால்வனைஸ் செய்த இரும்பின் மேல் வெல்டிங் வைத்தால் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். குறுக்குச் சட்டங்களில் பாதிக்கு மேல் சுத்தியலுக்குத் தோற்றால் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேறு ட்ரெய்லர் பாருங்கள்.

பேரிங்கில் கிரீஸை மாற்றிப் பழையதையே போடுவதா, புதிது போடுவதா என்பதற்குக் கண்ணே போதும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உருளைகளை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவு குழியோ, சூட்டில் நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் உருளையையும் அது அமரும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால் புதியதும் கெடும். தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீல் வளையத்தை எப்போதும் புதிதாகவே போடுங்கள். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் எவ்வளவு திரும்புமோ அவ்வளவு மட்டும் இறுக்கி, நட்டு கழலாமல் பூட்டும் புதிய ஸ்பிளிட் பின்னைச் செருகுங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓரத்தில் அச்சிட்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 3219 என்றிருந்தால் அது 2019-ன் 32-வது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டிய ட்ரெய்லர் டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், நான் நம்புவதில்லை.

ஒழுகலுக்கு நான்கு மருந்து

படகை ட்ரெய்லரில் வைத்தபடியே உள்ளே தண்ணீர் விட்டு, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனை. அளவு மீற வேண்டாம். 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள தரையில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அதுவே கிட்டத்தட்ட 480 கிலோ. படகின் சொந்த எடையைப்போல் நான்கைந்து மடங்கு. 5 செ.மீ. போதும், அதற்கும் அடியில் கூடுதல் முட்டு கொடுங்கள். வெளிப்பக்கத்தை முதலில் உலரத் துடைத்துவிட்டுச் சொட்டும் ஒவ்வொரு ரிவெட்டையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிடுங்கள். எங்கள் படகில் 23 வட்டங்கள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை முன்பக்கத்தில், அலை அறையும் இடத்தில் இருந்தன.

முதல் வழி, உள்ளிருந்து இணைப்புகளில் எபாக்ஸிப் பூச்சு ஓட்டிவிடுவது. ஒரே நாளில் முடியும், பெரும்பாலும் ஒழுகலும் நிற்கும். ஆனால் ரிவெட் தளர்ந்திருந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த அசைவில் பூச்சு ஒருநாள் வெடிக்கும். அப்போது பூச்சைச் சுரண்டாமல் ரிவெட்டை நெருங்கக்கூட முடியாது. ரிவெட் எல்லாம் இறுக்கமாக இருந்து இணைப்பு மட்டும் கசிகிறது என்றால்தான் இதைத் தேர்ந்தெடுப்பேன். சிலிகானை எந்த நிலையிலும் தொடாதீர்கள். அது போன இடத்தில் பின்னால் பெயின்டோ வேறு பசையோ பிடிப்பதில்லை. புளித்த வாடை வீசும் வகை சிலிகான் காயும்போது அசெட்டிக் அமிலத்தையும் விடும்.

இரண்டாவது, பழைய ரிவெட்டையே மறுபடி இறுக்குவது. ஒருவர் உள்ளே கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து காற்றுச் சுத்தியலால் தலையில் அடிக்க வேண்டும். தம்பி உள்ளே படுத்திருந்தான், நான் வெளியே. தளர்ந்த ரிவெட்டில் முதல் இரண்டு அடியும் ‘தொப் தொப்’ என்று விழும். இறுகியதும் சத்தம் கெட்டியாகி, கட்டியைப் பிடித்திருக்கும் கையில் சுரீரென்று ஏறும். “போதும்ணே” என்று தம்பி சொல்வது அந்த உணர்வை வைத்துத்தான். அதற்கு மேல் அடித்தால் ரிவெட்டின் தலை விரியும், தகடும் மெலியும். 23 வட்டங்களில் 14 இப்படியே அடங்கின. புதிதாக எந்தப் பொருளும் சேராத பழுது இது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான்.

அடங்காதவற்றுக்கு மூன்றாவது வழி: பழையதைத் துளைத்தெடுத்துப் புதிய ரிவெட். இங்கேயும் இரண்டு வகை. முழுத்தண்டு ரிவெட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும், ஆனால் பலம் அதிகம். நீளக் கணக்கு எளிது: தகடுகளின் மொத்தக் கனத்தோடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைச் சேருங்கள். 1.5 மி.மீ. தகடு இரண்டு, 5 மி.மீ. ரிவெட் என்றால் 3-ம் 7.5-ம் சேர்ந்து 10.5 மி.மீ. அடித்து முடித்தபின் வால் சுமார் 7.5 மி.மீ. அகலத்துக்குப் பரந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்தே பொருத்தும் பாப் ரிவெட் கை போகாத இடத்துக்கு மட்டும். அதிலும் அடிப்பக்கம் மூடிய வகையாக, உள்ளே இருக்கும் கம்பியும் அலுமினியமாக இருக்க வேண்டும். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே இருக்கும் துளை வழியாகத் தண்ணீர் வரும், இரும்புக் கம்பி உள்ளேயே துருப்பிடித்துச் சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்னும். எந்த வகையாக இருந்தாலும் துளையில் நீர் புகாமல் அடைக்கும், படகுக்கான பாலியூரித்தேன் பசையை (சீலன்ட்) கொஞ்சம் தடவிவிட்டு அடியுங்கள்.

நான்காவது, வெல்டிங். ரிவெட் படகில் ஒழுகலுக்கு இதைக் கடைசியில்தான் வைப்பேன். இந்த வகைப் படகுகளில் அதிகம் காணப்படும் 5052 என்ற அலுமினியக் கலவை, தகடாக உருட்டும்போது ஏறும் இறுக்கத்தால் பலம் பெறுவது. சுமார் 345 டிகிரியில் அந்தப் பலம் தளர்ந்துவிடும். வெல்டிங்கின் ஓரங்களில் சூடு அதைவிட எவ்வளவோ மேலே போகும். பழைய இணைப்புக்குள் இருக்கும் சீலன்டும் அழுக்கும் சேர்ந்து வெல்டிங்கைக் கெடுக்கும். பக்கத்து ரிவெட்டுகளும் சூட்டில் நெகிழும். கேஸ் டார்ச்சால் உருக்கி ஒட்டும் துத்தநாகக் கம்பிகளுக்கும் ஏறக்குறைய 390 டிகிரி தேவை. ‘வெல்டிங் இல்லை’ என்று சொல்லி விற்றாலும் தகடு தளர்வது தளர்வதுதான். அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காது, உருகும்வரை அதே நிறத்தில் இருந்துவிட்டு ஓட்டையாகிவிடும். விரிசல் என்றால் அதன் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, மேலே சீலன்டோடு ஒரு தகட்டை ரிவெட் அடிப்பதே வீட்டில் செய்யத் தகுந்தது. இந்தப் படகுகள் ரிவெட்டுக்கே பிறந்தவை. விமானம் கட்டிய க்ரம்மன் நிறுவனம் 1945-ல் அலுமினியக் கேனூ என்ற குறுகலான துடுப்புப் படகு செய்ய வந்தபோது விமானத்து வேலைமுறை தண்ணீருக்கு வந்தது. இன்றுவரை ரிவெட் படகுகளில் அந்த முறைதான். முழுக்க வெல்டிங்கில் கட்டிய கனத்தகட்டுப் படகு என்றால் கதை வேறு, அதை டிக் (TIG) முறை வெல்டிங்கில் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

பின்பலகை

மோட்டார் தொங்கும் பின்பலகையில் அலுமினியத் தகட்டுக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான் இருக்கும். எங்களுடையதில் வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. மோட்டார் திருகின் பக்கத்துத் துளையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடிவரை இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது கறுப்பு நாரும் மண்வாடையும் வந்தன. 45 கிலோ மோட்டார் அந்தப் பலகையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடும்போது மோட்டார் படகைத் தள்ளும் விசை முழுவதும் இந்தப் பலகை வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது. சாலையில் ஒவ்வொரு குழியிலும் மோட்டார் அதை நெம்பவும் செய்கிறது.

மாற்றுப் பொருளுக்கு மூன்று பேர் போட்டி. மெரைன் பிளைவுட், கண்ணாடி இழை கலந்த பாலியூரித்தேன் பலகை, அலுமினியப் பெட்டிச் சட்டம். கண்ணாடி இழைப் பலகை உளுக்காது, எடையும் குறைவு. விலைதான் பலரைத் தடுக்கிறது, கிடைப்பதும் எளிதல்ல. அலுமினியச் சட்டத்துக்கு வெல்டிங் ஆள் வேண்டும், அளவு மில்லிமீட்டர் பிசகாமல் வர வேண்டும். வெட்ட எளிது என்று கெட்டி பிளாஸ்டிக் பலகையைச் சிலர் வைக்கிறார்கள். அது சுமையில் மெல்ல வளையும், அதில் எந்தப் பசையும் ஒட்டாது. வேண்டாம்.

நாங்கள் மரத்தையே எடுத்தோம். 18 மி.மீ. மெரைன் பிளைவுட் இரண்டை எபாக்ஸியில் ஒட்டினால் 36 மி.மீ., பழையது 38. மேலே பூசிய எபாக்ஸியும் சேர்ந்து சரியாக வந்தது. உளுத்த பலகையைத் தூக்கி எறியாமல் அதையே வார்ப்பாக வைத்து வெட்டினோம். மரமா வேண்டாமா என்பதைவிட முக்கியம் துளைகள். தண்ணீர் பலகையின் முகத்தால் நுழைவதில்லை, போல்ட் துளையால்தான் நுழைகிறது. அதனால் ஒவ்வொரு துளையையும் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இப்போது போல்ட் மரத்தையே தொடுவதில்லை. ஓரங்களுக்கு மூன்று கை எபாக்ஸி. பலகையை உடம்போடு ஒட்டவில்லை, சீலன்ட் வைத்துப் போல்ட் மட்டும். நாளைக்குக் கழற்றலாம்.

ஒரு எச்சரிக்கை: பூச்சி அரிக்காமல் இருக்கத் தாமிர உப்பு ஏற்றிய மரத்தைப் படகில் எங்கும் வைக்காதீர்கள். ஈரத்தில் தாமிரம் அலுமினியத்தைத் தின்னும். எங்கள் தரைப்பலகைக்கு அடியில் விரல் நீளத் தாமிர வயர்த்துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்தபோது கீழே வெள்ளைப் பொடி. பொடியைத் துடைத்தால் அந்த வயரின் வடிவத்திலேயே தகட்டில் ஒரு பள்ளம். இன்னும் ஓரிரு வருடம் விட்டிருந்தால் ஓட்டையே விழுந்திருக்கும்.

உள்ளே தரை வேண்டுமா?

குறுக்கே இருக்கும் இருக்கைகளை வெட்டியெடுத்து, சமமான தளம் போட்டு, நின்றபடி தூண்டில் வீச வசதி செய்வது பலருக்கும் ஆசை. நடு இருக்கையை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது உட்காருவதற்கு மட்டும் போட்டதல்ல. இரண்டு பக்கத் தகடுகளும் விரியாமலும் ஒடுங்காமலும் பிடித்திருப்பது அதுதான். கவிழ்ந்தாலும் படகை மிதக்க வைக்கும் நுரைப்பலகையும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. உயரத்தில் தளம் போட்டு அதன்மேல் இருவர் நின்றால் 14 அடிப் படகு எவ்வளவு ஆடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தரை போட்டே ஆக வேண்டுமென்றால் விலாக்களின் மேல் தாழ்வாக, கழற்றும்படி போடுங்கள். 12 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு 7, 8 கிலோ வரும். 3 மி.மீ. அலுமினியத் தகடும் 8 கிலோதான். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. தகடு உளுக்காது, ஆனால் வெயிலில் கால் வைக்க முடியாது, சிறு சத்தமும் அதிரும். பிளைவுட்டை நான்கு துண்டாக வெட்டி, எபாக்ஸி பூசித் திருகினால் எந்தத் துண்டையும் ஐந்து நிமிடத்தில் தூக்கிப் பார்க்கலாம். எங்களுக்கு அது பிடித்திருந்தது.

நுரையிலும் இதே கதைதான். ஊற்றியதும் பொங்கி எழும் பாலியூரித்தேன் நுரை எல்லா மூலையையும் நிரப்பும். அதனாலேயே ரிவெட்டுகளை மூடிவிடும், வடியும் வழியை அடைக்கும், பல வருடத்தில் தண்ணீரையும் குடித்துக்கொள்ளும். எங்கள் படகிலிருந்து பிடுங்கிய பழைய நுரையின் ஒரு துண்டை ஒரு கையால் தூக்க முடியவில்லை. அடியில் நீர் ஓட இடம் விட்டு, வெட்டிய பலகைகளாக வைப்பதே மேல். பெட்ரோல் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்துவிடும் என்பதால் எரிபொருள் தொட்டியின் பக்கத்தில் பாலிஎத்திலீன் நுரை வையுங்கள். எவ்வளவு? நுரை இருந்ததைவிடக் குறைய வேண்டாம். ஒரு குறைந்தபட்சக் கணக்கு: 100 கிலோ அலுமினிய உடம்பு நீருக்குள் சுமார் 63 கிலோவாகத்தான் எடை காட்டும். ஒரு லிட்டர் நுரை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கும். ஆக உடம்புக்கே 65 லிட்டர், மோட்டாருக்கு அதன் எடைக்கு ஈடாக இன்னொரு 45, பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கு அதற்கு மேல்.

பெயின்ட்

எல்லாரும் முதலில் நினைக்கும் இதில்தான் எனக்குச் சொல்லக் குறைவாக இருக்கிறது. நன்னீரில் ஓடி, மாலையில் ட்ரெய்லருக்குத் திரும்பும் படகுக்குப் பெயின்ட் அவசியமே இல்லை. அலுமினியம் தன் மேல் தானே போட்டுக்கொள்ளும் சாம்பல் நிற ஆக்சைடு படலமே காவல். நாங்கள் நீர்மட்டத்துக்குக் கீழே வெறுமனே விட்டோம். ரிவெட் கசிந்தால் உடனே கண்ணில் படும் என்பதும் ஒரு லாபம். மேல்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தோம். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, அன்றைக்கே, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் பூச வேண்டும். தேய்த்த பரப்பில் ஆக்சைடு மறுபடி கெட்டியாக விட்டால் பெயின்ட் தகடு தகடாக உரியும். பழைய பெயின்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம், ஆகவே ஈரமாகத் தேய்த்து, தூசிக்கு ஏற்ற முகமூடி போடுங்கள். காஸ்டிக் கலந்த பெயின்ட் நீக்கி அலுமினியத்தையே கரைக்கும். பாசி பிடிக்காமல் இருக்கத் தாமிரம் கலந்த பெயின்டை அடிக்கவே கூடாது, காரணம் அந்த வயர்த்துண்டு சொன்னதுதான்.

கடைசியாக, படகு ட்ரெய்லரில் அமர்வது உருளைகளின் மேலா, நீளப் பலகைகளின் மேலா? உருளையில் ஏற்றி இறக்குவது சுலபம். ஆனால் மெல்லிய தகட்டில் முழு எடையும் சில புள்ளிகளில் விழுந்து பள்ளமாக்கும். எங்கள் படகின் அடியில் இருந்த நசுங்கல்களில் நான்கு, பழைய உருளைகள் இருந்த இடத்தோடு அப்படியே பொருந்தின. இப்போது நீளப் பலகை, அதன் மேல் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை. கார்ப்பெட் போடவில்லை, அது ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

முதல்முறை தண்ணீருக்குக் கொண்டுபோனபோது சாலையோரம் நிறுத்தி, சக்கரங்களின் நடுவே பேரிங் இருக்கும் ஹப் இரண்டையும் தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடுதான். கரைக்கு வந்ததும் உடனே இறக்கவில்லை. சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உள்ளே இழுக்கும். அரைமணி நேரம் காத்திருந்து, தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானை இரண்டு பேரும் தனித்தனியாகத் திருகிப் பார்த்து, படகை ட்ரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டையை அவிழ்க்காமலே படகை மிதக்க விட்டோம். தம்பி தரைத்துண்டுகளைத் தூக்கிவைத்துவிட்டு, காய்ந்த துணியோடு ஒவ்வொரு பென்சில் வட்டத்தின் உட்பக்கமாகக் குனிந்து துடைத்துக்கொண்டே வந்தான். முன்பக்கத்தில் ஒன்றில் மட்டும் துணி லேசாக நனைந்தது. அந்தத் துண்டின் திருகுகள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தன.